மெயிலுக்கும் டிஎன்டி மாதிரி சட்டம் வேண்டும் என்ற மனு: கையெழுத்துப் போடலாமா?

ஆண்டர்சன் தெரு | சனி, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு எங்கள் பகுதி நுகர்வோர் கூட்டத்தில் ஒரு மனுவைச் சுற்றுக்கு விட்டார்கள். கேட்காமல் வரும் விளம்பர மெயில்களைத் தடுக்க மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும், முன்அனுமதி இல்லாமல் ஒரு மெயில் போனாலும் அபராதம் போட வேண்டும், போனுக்கு இருக்கிற டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதியும் பட்டியல்) போல மெயில் முகவரிகளுக்கும் ஒரு தேசியப் பட்டியல் வேண்டும் என்று அதில் இருந்தது. நூற்றுக்கு மேல் கையெழுத்து விழுந்திருந்தது. என் முறை வந்தபோது படித்துப் பார்த்துவிட்டு, போடாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் பார்த்த பார்வை இன்னும் மனசில் நிற்கிறது. அதனால்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அட்டையும் அச்சுத்தாளும் விற்கும் கடை எங்களுடையது. அப்பா காலத்துக் கடை. அச்சகங்கள், பள்ளிகள், டிசைன் செய்கிற பிள்ளைகள் என்று சுமார் 1,400 மெயில் முகவரிகள் இருக்கின்றன. எல்லாம் பில் போடும்போது அவர்களே சொன்னவை. மாதம் ஒரே ஒரு மெயில்: என்ன அட்டை வந்திருக்கிறது, தாள் விலை ஏறியதா இறங்கியதா. ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முன்னால் அந்த மெயிலைப் பார்த்துத்தான் பாதி ஆர்டர் வரும். இந்த மனுவில் கேட்டபடி சட்டம் வந்தால், 1,400 பேரும் சம்மதித்ததற்கு என் கையில் சான்று இருக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் கல்லாப் பக்கம் நின்று வாயால் முகவரி சொன்னவரின் சம்மதத்துக்கு நான் எதைக் காட்டுவேன்?

இது வெறும் பயம் இல்லை. எஸ்எம்எஸ் விஷயத்தில் பட்டிருக்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, எஸ்எம்எஸ் அனுப்பும் வியாபாரிகளுக்கான டிஎல்டி தளத்தில் கடையைப் பதிவு செய்ய வேண்டும், அனுப்புநர் பெயராகத் தெரியும் ஒரு ஹெடர் வாங்க வேண்டும், அனுப்பப் போகும் வாசகத்தையே டெம்ப்ளேட்டாக முன்கூட்டிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். பணம் கட்டி, பான், ஜிஎஸ்டி எல்லாம் கொடுத்துச் செய்தேன். தமிழில் எழுதிய எங்கள் டெம்ப்ளேட் மூன்று முறை திரும்பி வந்தது. அதற்குள் தை முகூர்த்தமே முடிந்துவிட்டது. 2021 மார்ச் 8ஆம் தேதி அந்த டெம்ப்ளேட் சரிபார்ப்பை அமலுக்குக் கொண்டுவந்தபோது வங்கி ஓடிபிகூட வராமல் ஜனங்கள் திண்டாடினார்கள். மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று எனக்குத் தினமும் அழைப்பு வருகிறது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற சேவை எண்ணில் பதிந்து வைத்த எண் அது. கூப்பிடுகிறவர்கள் எங்கேயும் பதியாத சாதாரணப் பத்து இலக்க எண்ணில் இருந்து கூப்பிடுகிறார்கள். விதிக்குப் பணிந்த நான் அனுப்புவதை நிறுத்திவிட்டேன், பணியாதவன் நிறுத்தவில்லை. மெயிலிலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

மாம்பலம் மகள் | சனி, காலை 9.15

அந்த மனுவில் என் கையெழுத்து இருக்கிறது. ஏன் போட்டேன் என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் மெயிலைத் திறந்தால் ஒரு நாளைக்கு அறுபது எழுபது வந்து கிடக்கும். சுற்றுலா, மூட்டுவலித் தைலம், லாட்டரி, பங்குச்சந்தை. ஒரு நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் தரச் சொல்லி வந்த மெயில் அந்தக் குவியலுக்குள் போய்விட்டது. பென்ஷன் இரண்டு மாதம் நின்றது. அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாலு தடவை அலைந்தோம். தன் தவறு என்று அம்மா அழுதார். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொரு குப்பை மெயிலிலும் அடியில் இருக்கிற 'விலக' என்ற இணைப்பை அழுத்தினார். அடுத்த வாரம் முன்பைவிட அதிகமாக வந்தது.

உங்கள் கஷ்டம் புரிகிறது சார். ஆனால் அம்மா மாதிரி ஆட்களுக்கு யார் இருக்கிறார்கள்? அரசிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

ஆண்டர்சன் தெரு | சனி, காலை 9.50

மேடம், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஒரு நாளைக்கு அம்மாவுக்கு வருகிற மெயிலை எண்ணிப் பார்க்க முடியுமா? அவர் எப்போதாவது வாங்கிய, பதிந்த இடத்தில் இருந்து வந்தவை எத்தனை, யாரென்றே தெரியாதவை எத்தனை என்று பிரித்து.

சர்வர் அறை | சனி, மதியம் 1.30

தரமணியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். நான் ஆண்டர்சன் தெரு அண்ணன் பக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கும் மெயில் ஓடுவது 1982இல் எழுதிய எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் முறையை ஒட்டித்தான். ஒருவரை ஒருவர் நம்பிய ஆராய்ச்சிக்கூட ஆட்களுக்காக எழுதியது. தபால் உறையில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் இல்லையா, அதே கதைதான். தபாலுக்காவது ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், இதற்கு அதுவும் இல்லை. ஸ்பாம் என்கிற குப்பை மெயில் அனுப்பும் பெரிய கும்பல்கள் சொந்தக் கணினியில் இருந்து அனுப்புவதே இல்லை. வைரஸ் ஏறிய ஆயிரக்கணக்கான வீட்டுக் கணினிகளை வைத்து அனுப்புவார்கள். சட்டப்படி தேடிப் போனால், கணினியில் வைரஸ் இருப்பதே தெரியாத ஒரு வீட்டுக்காரரின் வாசலில்தான் போய் நிற்போம்.

அமெரிக்காவில் 2003இல் கேன்-ஸ்பாம் சட்டம் போட்டார்கள். அது முன்அனுமதி கேட்கவில்லை. பொய்யான தலைப்பு கூடாது, தபால் முகவரி போட வேண்டும், விலக வழி தர வேண்டும், விலகச் சொன்னால் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும், இவ்வளவுதான். அதாவது ஒவ்வொரு கம்பெனியும் ஒருமுறை உங்கள் கதவைத் தட்டலாம், வேண்டாம் என்று சொல்லும் வேலை உங்களுடையது. இதைவிடப் பெரிய சேதம் ஒன்று நடந்தது. கலிபோர்னியா மாநிலம் அதே வருடம் கடுமையான சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. முன்அனுமதி கட்டாயம், மெயில் பெற்ற சாதாரண ஆளே ஒரு மெயிலுக்கு 1,000 டாலர் கேட்டு வழக்குப் போடலாம். 2004 ஜனவரி 1ஆம் தேதி அது அமலுக்கு வர இருந்தது. அதே தேதியில் மத்தியச் சட்டம் வந்து அதை முடக்கியது. மத்தியச் சட்டத்தில் தனி ஆள் வழக்குப் போட வழியே இல்லை. மக்களைக் காக்க என்று வந்த சட்டம், மக்கள் கைக்கு வரவிருந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது. நம் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். நாம் கேட்கிற சட்டம் ஒன்று, தொழில் அமைப்புகள், அமைச்சகங்கள் எல்லாவற்றையும் தாண்டி வெளியே வரும் சட்டம் வேறொன்று.

அப்புறம் அந்தத் தேசியப் பட்டியல். இதை அமெரிக்கா யோசிக்காமல் இல்லை. அந்த நாட்டு வர்த்தக ஆணையம் ஆராய்ந்து 2004 ஜூனில் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. அப்படி ஒரு பட்டியல் போட்டால் ஸ்பாம் குறையாது, கூடவும் செய்யலாம் என்றது. போன் எண்கள் ஒரு வரிசையில் இருப்பவை, எவனும் ஊகித்து அழைக்கலாம். மெயில் முகவரி அப்படி இல்லை. உயிரோடு இருக்கிற முகவரி எது என்று தெரிவதுதான் ஸ்பாம் வியாபாரத்தின் மூலதனம். அதை அரசே தொகுத்து ஒரே இடத்தில் வைத்தால், ஒரு கசிவு போதும். மாம்பலம் அக்கா, உங்கள் அம்மா 'விலக' அழுத்தியதும் அதிகமானதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்கும். இந்த முகவரியில் ஒருவர் இருக்கிறார், படிக்கிறார், அழுத்துகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகிறது. தெரிந்த கம்பெனி மெயிலில் மட்டும் அதை அழுத்தச் சொல்லுங்கள், மற்றதை ஸ்பாம் என்று குறித்தால் போதும்.

ஸ்பாம் உண்மையிலேயே விழுந்த ஒரு நாள் எனக்குத் தெரியும். 2008 நவம்பர் 11. கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற, மற்றவர்களின் சர்வர்களுக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இணைப்பு கொடுத்தவர்கள் அதைத் துண்டித்தார்கள். உலகம் முழுக்க ஓடிய ஸ்பாம் பாதிக்கு மேல் உடனே குறைந்தது. புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. எங்கிருந்து இயக்குகிறார்கள் என்று ஆதாரம் காட்டியதும் வயரைப் பிடுங்கினார்கள். சில மாதத்தில் வேறு வழியில் திரும்பி வந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஈசூனில் இருந்து அடையாறு | சனி, மாலை 4.05

பன்னிரண்டு வருடம் சிங்கப்பூரில் இருந்தேன். அங்கே 2007இல் ஸ்பாம் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விளம்பர மெயில் என்றால் தலைப்பின் முன்னால் ஏடிவி என்ற குறி இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த சின்ன டிராவல்ஸ் கடை ஒழுங்காகக் குறி போட்டது. குறி பார்த்து ஒதுக்கும்படி வாடிக்கையாளர்கள் ஃபில்டர் போட்டிருந்தார்கள், அதனால் எங்கள் மெயில் திறக்கப்படாமலே போனது. எங்கிருந்தோ வரும் லாட்டரி மெயிலில் நான் ஒருநாளும் அந்தக் குறியைப் பார்த்ததில்லை.

கறுப்புக் கோட்டு | சனி, இரவு 9.20

உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நான். இந்த இழையில் ஒரு முக்கியமான விஷயம் இன்னும் வரவில்லை. குப்பை மெயிலுக்கு எதிராக நம் நாட்டில் ஒரு சட்டப்பிரிவு இருந்தது. அது என்ன ஆனது என்று தெரிந்தால் இந்த மனுவை வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் செய்த திருத்தம் 66ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் மூன்றாவது உட்பிரிவு, எரிச்சலோ இடைஞ்சலோ உண்டாக்கவும், எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து ஏமாற்றவும் அனுப்பும் மின்னஞ்சலைப் பற்றியது. படித்தால் ஸ்பாமுக்கென்றே எழுதியது போல இருக்கும். மூன்று வருடம் வரை சிறை. சரி, எத்தனை ஸ்பாம் கும்பல் உள்ளே போனது? என் அனுபவத்தில் அப்படி ஒரு வழக்கைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் 2012இல் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோரை ஒரு ட்வீட்டுக்காக இந்தப் பிரிவில் கைது செய்தார்கள். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தில் ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணையும் அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணையும் பிடித்தார்கள். 'எரிச்சல்' என்ற சொல்லுக்கு எல்லை எங்கே? எனக்கு எரிச்சல் தருவது உங்களுக்குச் செய்தி. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏவை முழுவதும் ரத்து செய்தது. கருத்துரிமை பிழைத்தது. கூடவே ஸ்பாம் பற்றி இருந்த ஒரே உட்பிரிவும் போனது. வலையை அகலமாக விரித்ததால் பிடிக்க வேண்டிய மீனும் போனது என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலும் இதே கதை நடந்தது. கோடிக்கணக்கில் ஸ்பாம் அனுப்பிய ஒருவருக்கு ஒன்பது வருடச் சிறை விதித்தார்கள். 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தையே செல்லாது என்றது. வியாபார மெயில் என்று பிரிக்காமல், பெயர் சொல்லாமல் அனுப்பும் அரசியல், சமயக் கருத்தையும் சேர்த்துத் தடுக்கும்படி எழுதிவைத்திருந்தார்கள். அதனால் அந்த ஆள் தப்பித்தார்.

இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது? ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றினால் அதே சட்டத்தின் 66டி பிரிவு. மூன்று வருடம், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். லாட்டரி மெயில், போலி வங்கி மெயில் எல்லாம் இதற்குள் வரும். வெளிநாட்டில் இருந்து செய்தாலும் இந்தியக் கணினி சம்பந்தப்பட்டால் 75ஆம் பிரிவு பொருந்தும். ஆனால் அந்த நாட்டில் போய் ஆளைப் பிடிக்க ஒப்பந்தம், கடிதம், காத்திருப்பு. புதுச் சட்டம் போட்டாலும் இதே சுவர்தான் முன்னால் நிற்கும்.

மாம்பலம் மேடத்துக்கு ஒரு வார்த்தை. அம்மாவின் முகவரி யாரோ ஒருவரிடம் இருந்து பத்துப் பேருக்குப் போயிருக்கிறது. அந்தக் கைமாற்றம்தான் உங்கள் பிரச்சினையின் வேர். அதற்கு 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதற்காகச் சம்மதம் வாங்கினார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், மீறினால் 50 கோடி ரூபாய் வரை தண்டம் என்று அதில் இருக்கிறது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தக் கேட்டு மனு எழுதினால் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

மாம்பலம் மகள் | ஞாயிறு, காலை 8.30

நேற்று முழுவதும் எண்ணினேன். மொத்தம் 64. அம்மா எப்போதோ வாங்கிய, பதிந்த இடங்களில் இருந்து 23. மீதி 41இல் ஒன்றுகூட யாரென்று தெரியவில்லை. அதில் ஏழு, வங்கி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவை. முகவரியைப் பார்த்தால் வங்கிக்குச் சம்பந்தமே இல்லை. பயந்துபோய்விட்டேன்.

சட்டம் அந்த 41ஐத் தொடாது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 23ம் சும்மா இல்லை. ஒரு புடவைக் கடை வாரம் நாலு மெயில் அனுப்புகிறது. சட்டம் அதையாவது குறைக்கும் இல்லையா?

வேளச்சேரி மேடு | ஞாயிறு, காலை 11.10

குறைக்கும், ஆனால் எங்களையும் சேர்த்துக் குறைக்கும் சகோதரி. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். 612 வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் ஆள் உயரம் தண்ணீர். 2023இல் மிக்ஜாம் வந்தபோதும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி பிறந்தால் மழைநீர் வடிகால், மோட்டார், யார் வீட்டில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று மெயில் அனுப்புவேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அதைப் படித்துத்தான் அப்பா அம்மாவுக்குப் போன் செய்கிறார்கள். 612 பேரும் எழுத்தில் சம்மதம் தந்தார்களா? இல்லை. முந்தைய செயலாளர் கொடுத்த பட்டியல் அது. அதில் கீழே எங்கள் தெருவில் டிபன் செய்து கொடுக்கிற ஒரு பெண்ணின் எண்ணையும் போடுவேன், மழையில் சமைக்க முடியாதவர்களுக்காக. அந்த ஒரு வரியால் அது விளம்பர மெயில் ஆகிவிடுமா? தெரியாது. தெரியாததால் அபராதம் என்று வந்தால் அனுப்பவே மாட்டேன்.

இன்னொன்று. ஒவ்வொரு மெயிலிலும் தபால் முகவரி போட வேண்டும் என்று சர்வர் அறை தம்பி எழுதியதைப் பார்த்தேன். அந்தப் பெண் தனியாக இருக்கிறாள், வீட்டிலேயே தொழில். வீட்டு முகவரியை ஊருக்கெல்லாம் அனுப்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சர்வர் அறை | ஞாயிறு, மதியம் 12.00

முகவரி விஷயத்தில் ஒரு திருத்தம் அக்கா. அமெரிக்காவில் தபால் பெட்டி எண் போட்டாலும் ஏற்பார்கள். ஆனால் டிபன் செய்கிறவர் அதற்காகத் தபால் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருக்க முடியாது, உங்கள் கவலை நியாயம்தான்.

அனுப்பவே மாட்டேன் என்றீர்களே, கனடாவில் அது நடந்தது. 2014 ஜூலை 1 முதல் முன்அனுமதிச் சட்டம். கம்பெனிக்கு ஒரு கோடி டாலர் வரை அபராதம். ஒரு பொருள் வாங்கினால் இரண்டு வருடம், விசாரித்தால் ஆறு மாதம் என்று சம்மதத்துக்குக் காலாவதிக் கணக்கு வேறு. 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுச் சட்டம் வந்தபோது நம் மெயிலிலேயே 'உங்கள் சம்மதத்தைப் புதுப்பியுங்கள்' என்று வந்து குவிந்ததே, நினைவிருக்கிறதா? குப்பையைத் தடுக்க வந்த சட்டத்தால் ஒரு மாதம் முழுக்கக் குப்பை.

புடவைக் கடைக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாகூவும், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு (கூகுள் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000) ஒரு விதி வைத்திருக்கின்றன. அனுப்புகிறவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டீகிம், டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலக முடிய வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. எங்கள் கம்பெனி மார்க்கெட்டிங் ஆட்கள் வருடக்கணக்கில் கேட்காத பேச்சை அந்த ஒரு வாரத்தில் கேட்டார்கள்.

கறுப்புக் கோட்டு | ஞாயிறு, மதியம் 12.25

அதில் எனக்குத் தயக்கம் உண்டு தம்பி. நாளைக்குக் கூகுள் மாதிரி ஒரு கம்பெனி வேளச்சேரி அம்மாவின் மழை மெயிலை ஸ்பாமில் தள்ளினால் எந்தக் கோர்ட்டில் கேட்பது? அரசு விதி தப்பாக இருந்தால் ரிட் போடலாம். 66ஏவை வீழ்த்தியது அப்படித்தான். இங்கே அந்த வாசலே இல்லை.

சர்வர் அறை | ஞாயிறு, மதியம் 12.40

ஒப்புக்கொள்கிறேன் சார். பதில் என்னிடம் இல்லை.

ஆண்டர்சன் தெரு | ஞாயிறு, இரவு 8.45

கடை லீவு என்பதால் பகல் முழுக்க இதையே யோசித்தேன். அரசு விதியே வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. எதன் மேல் விதி போடுகிறோம் என்பதில்தான் என் சண்டை. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, சம்மதச் சீட்டு எங்கே என்று பார்க்கப் புகுந்தால் என்னைப் போன்றவன்தான் மாட்டுவான், ஏனென்றால் என் முகவரி எல்லோருக்கும் தெரியும். அனுப்புகிறவன் தான் சொல்கிற ஆள்தானா என்று பார்க்கிற விதி வேறு வகை. ரிசர்வ் வங்கி 2025இல் எல்லா வங்கிகளையும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் இணைய முகவரிக்கு மாறச் சொல்லி, அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. என் டெம்ப்ளேட்டை யாரும் படித்துப் பார்க்கவில்லை, எந்தச் சின்னக் கடையும் பணம் கட்டவில்லை. ஆனால் மாம்பலம் அம்மாவுக்கு வந்த அந்த ஏழு மெயிலையும் முகவரியின் வாலைப் பார்த்தே பொய் என்று சொல்லிவிடலாம். இந்த மாதிரி விதிக்கு நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

அதனால் மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தேசியப் பட்டியலை எடுத்துவிட்டேன். முன்அனுமதி அபராதத்தையும் எடுத்துவிட்டேன். பென்ஷன், மின்வாரியம், மாநகராட்சி என்று மக்களுக்கு மெயில் அனுப்பும் எல்லா அலுவலகமும் வங்கிகளைப் போலவே ஒரே மாதிரி அடையாளம் தெரியும் முகவரியில் இருந்து மட்டும் அனுப்ப வேண்டும், பென்ஷன் நிற்கும் அளவுக்கு முக்கியமான விஷயத்தை மெயிலை மட்டும் நம்பி விடக் கூடாது, முகவரிகளை விற்கிறவர்கள் மேல் 2023 சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். இவைதான் இப்போது அதில் இருக்கின்றன. வழக்கறிஞர் சார் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

மாம்பலம் மகள் | ஞாயிறு, இரவு 9.30

பென்ஷன் வரியைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தபாலில் ஒரு கார்டு போட்டாலே போதும்" என்றார். அதையும் சேர்த்துவிடுங்கள்.

புடவைக் கடை விஷயத்தில் இன்னும் எனக்குச் சமாதானம் இல்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் அனுப்பினால் அபராதம் என்ற ஒரு வரியாவது இருக்க வேண்டும். அது உங்களைப் பாதிக்காதே சார்.

ஆண்டர்சன் தெரு | ஞாயிறு, இரவு 9.50

பாதிக்காது. வேண்டாம் என்றவருக்கு நான் அனுப்புவதில்லை. நியாயமான வரி, சேர்க்கிறேன்.

வேளச்சேரி மேடு | திங்கள், காலை 6.20

மழை வருமாம். இன்று காலை அனுப்பியதில் பதினோரு வீட்டில் ஸ்பாமுக்குப் போயிருக்கிறது என்று வாட்சப்பில் சொன்னார்கள். தம்பி, நீங்கள் சொன்ன எஸ்பிஎஃப் வரியை எங்கே போடுவது? சங்கத்துக்குச் சொந்த டொமைன் இருக்கிறது, பாஸ்வேர்டும் கையில் இருக்கிறது.

சர்வர் அறை | திங்கள், காலை 6.35

டொமைன் வாங்கிய தளத்தில் நுழைந்து டிஎன்எஸ் பக்கத்துக்குப் போங்கள் அக்கா. டிஎக்ஸ்டி என்று ஒரு வகை இருக்கும். அங்கே நிறுத்திக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஏழு மணி வரை வீட்டில்தான் இருப்பேன்.